ஐந்து பதிவேடு, ஒரே கணக்கு

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வேலை நாளில் திறந்துவிட்டவர்கள் மூடி வைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் படியுங்கள்.

முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு பையனின் பிறந்த மாதம் தவறாகப் பதிந்திருக்கிறது என்று அவன் அப்பா உரிய உத்தரவோடு வந்தார். சேர்க்கைப் பதிவேட்டை எடுத்துச் சிவப்பு மையில் திருத்தினேன். தலைமையாசிரியரிடம் சுருக்கொப்பமும் வாங்கினேன். வகுப்புப் பதிவேட்டில் திருத்த மறந்துவிட்டேன். சில வருடம் கழித்து அவனுடைய மாற்றுச் சான்றிதழை வேறொருவர் வகுப்புப் பதிவேட்டைப் பார்த்து எழுதினார். பழைய மாதமே ஏறிவிட்டது. அதைச் சரிசெய்ய அந்தப் பையன் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். இரண்டு பதிவேடும் ஒரே அலமாரியில் அடுத்தடுத்த தட்டில் இருந்தவை. திருத்தியவனும் நான்தான், மறந்தவனும் நான்தான்.

போன மாதம் தங்கை மகன் ஊருக்கு வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். "அப்படி என்னதான்டா வேலை?" என்று கேட்டபோது, "ஒரே கணக்கை அஞ்சு ஊர்ல வெச்சிருக்கோம் மாமா. அஞ்சும் ஒண்ணா இருக்கணும். அவ்வளவுதான்" என்றான். "அவ்வளவுதானா? அதற்கா இத்தனை சம்பளம்?" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. "இந்த அவ்வளவுதானுக்கு ஐம்பது வருஷ சரித்திரம் இருக்கு மாமா" என்றான். அவன் சொன்னதும், பிறகு அவன் அனுப்பிய கட்டுரைகளை அகராதியோடு உட்கார்ந்து நான் படித்ததும்தான் இந்தப் பதிவு. இந்தத் துறையிலேயே இருக்கும் மாணவர்கள் என் எளிமைப்படுத்தலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணக்கை ஏன் ஐந்து இடத்தில் வைக்க வேண்டும்? ஒரே இடத்தில் வைத்தால் அங்கே தீப்பிடித்தாலோ வெள்ளம் வந்தாலோ மின்சாரம் போனாலோ எல்லாம் போச்சு. உங்கள் வங்கி இருப்பு, ரயில் முன்பதிவு, அனுப்பிய படம் எல்லாவற்றுக்கும் இதே காரணத்தால்தான் பல நகல்கள் இருக்கின்றன. நகல் எடுப்பது எளிது. ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும் ஒன்றின் நகல்களை ஒத்துப்போக வைப்பதுதான் கடினம். ஒரு நகலில் 500 ரூபாய் கழிந்து இன்னொன்றில் கழியாமல் இருந்தால், அதே பணத்தை இரண்டு முறை எடுக்கலாம். அல்லது எடுக்காத பணம் போனதாகக் காட்டும்.

இந்தச் சிக்கலை எழுத்தில் வைத்த முதல் சிலரில் இருவர், அமெரிக்காவில் பி.பி.என். என்ற நிறுவனத்தில் இருந்த பால் ஜான்சனும் ராபர்ட் தாமஸும். ஆண்டு 1975. இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் காலம். ஒரே தகவல் தொகுப்பின் நகல்கள் பல கணினிகளில் இருந்தன. எந்த நகலில் வேண்டுமானாலும் திருத்தலாம். எது சரி என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு திருத்தத்தோடும் அது நடந்த நேரத்தை எழுதி அனுப்புங்கள், பிந்திய நேரம் போட்டதை வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நாம் சிவப்பு மையில் திருத்திப் பக்கத்தில் தேதி போடுகிறோமே, அதே முறை.

இந்தக் குறிப்பு லெஸ்லி லாம்போர்ட் என்பவர் கையில் கிடைத்தது. கணிதம் படித்தவர். ஐன்ஸ்டைனின் சார்பியல் கொள்கை அவருக்கு நன்றாகப் பிடிபட்டிருந்தது. அவர் கண்ணில் ஓர் ஓட்டை பட்டது. இரண்டு ஊரில் இருக்கும் கடிகாரங்கள் ஒரே நேரத்தைக் காட்டும் என்று யார் உத்தரவாதம் கொடுத்தது? ஒரு ஊரின் கடிகாரம் ஐந்து நிமிடம் வேகமாக ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே ஒருவர் எழுதியதைப் பார்த்துவிட்டு, சரியான கடிகாரம் உள்ள ஊரில் இன்னொருவர் இரண்டு நிமிடம் கழித்துத் திருத்துகிறார். நேரத்தை மட்டும் பார்த்தால் திருத்தம் முந்தியது, தவறு பிந்தியது! திருத்தம் குப்பைக்குப் போய்விடும்.

1978-இல் லாம்போர்ட் வெளியிட்ட கட்டுரை இந்தத் துறைக்கே அடித்தளம் ஆனது. கடிகாரத்தை விட்டுவிடுங்கள், எது எதற்குக் காரணம் என்று பாருங்கள் என்றார். தேதி போடாத இரண்டு கடிதங்கள் உங்களிடம் இருக்கின்றன. ஒன்று, "அம்மாவுக்கு உடம்பு எப்படி?" இன்னொன்று, "அம்மா தேறிவிட்டார்கள்." எது முதலில் எழுதப்பட்டது என்று தேதி பார்க்காமலே சொல்லிவிடுவீர்கள். பதில் எப்போதும் கேள்விக்குப் பிறகுதான். அவர் சொன்ன முறை இது: ஒவ்வொரு கணினியும் ஒரு எண்ணை வைத்துக்கொள்ள வேண்டும். ஏதாவது நடக்கும்போதெல்லாம் அதை ஒன்று கூட்ட வேண்டும். செய்தி அனுப்பும்போது அந்த எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பெறுபவரின் எண் அதைவிடக் குறைவாக இருந்தால், வந்த எண்ணைத் தாண்டிப் போய்விட வேண்டும். விளைவின் எண் காரணத்தின் எண்ணைவிட எப்போதும் பெரிதாகவே இருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த கூட்டல்தான்.

வரிசை தெரிந்துவிட்டது. ஆனால் எல்லாரும் ஒப்புக்கொண்டார்களா என்பது வேறு கேள்வி. இங்கே ஜிம் கிரே வருகிறார். அவரும் 1978-இல்தான் இரண்டு கட்ட முறையை விரிவாக எழுதிவைத்தார். கல்யாணத் தரகரை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் ஒவ்வொருவரிடமும் போய் "சம்மதமா?" என்று கேட்கிறார். சம்மதம் சொன்னவர் பிறகு பின்வாங்கக் கூடாது. எல்லாரும் சரி என்றால் இரண்டாம் கட்டமாக "முடிந்தது" என்று அறிவிக்கிறார். ஒருவர் மறுத்தாலும் எல்லாருக்கும் "இல்லை". நல்ல முறை. வங்கிகளும் நிறுவனங்களும் இன்றும் பயன்படுத்துகின்றன.

இதில் நம்மவர் ஒருவரின் பங்கும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் படித்து, டெக்சாஸில் முனைவர் பட்டம் பெற்று, ஐ.பி.எம். ஆய்வகத்தில் சேர்ந்த சி. மோகன். அவரும் உடன் பணிபுரிந்த இருவரும் 1986-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த முறையைச் சிக்கனமாக்கினார்கள். தரகரின் நோட்டில் ஒரு விஷயத்தைப் பற்றிப் பதிவே இல்லையென்றால், அது ரத்தானது என்றே எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்களின் யோசனைகளில் ஒன்று. எத்தனையோ கடிதப் போக்குவரத்து மிச்சமானது.

ஆனால் தரகரே நடுவழியில் மயங்கி விழுந்துவிட்டால்? எல்லாரும் சம்மதம் சொல்லிவிட்டார்கள், பின்வாங்க முடியாது. முடிந்ததா இல்லையா என்று சொல்ல ஆளில்லை. வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். தரகர் எழுந்து வரும்வரை எல்லா வேலையும் நின்றுவிடும்.

ஒருவர் விழுந்தாலும் மற்றவர்கள் முடிவெடுக்க வழி உண்டா? இதற்கு 1985-இல் வந்த விடை எல்லாரையும் திடுக்கிட வைத்தது. மைக்கேல் ஃபிஷர், நான்சி லிஞ்ச், மைக்கேல் பேட்டர்சன் என்ற மூவர் கணித முறைப்படி நிரூபித்தார்கள். செய்தி போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்பதற்கு வரம்பே இல்லாத இடத்தில், ஒரே ஒரு கணினி செயலிழக்கக் கூடும் என்றால்கூட, எப்போதும் தவறாமல் முடிவுக்கு வந்துசேரும் நிலையான வழிமுறை எதுவும் இருக்க முடியாது. நம்மால் இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை என்பதல்ல. இருக்கவே முடியாது. சிக்கலின் வேர் இதுதான்: பதில் வரவில்லை என்றால், எதிராளி போய்விட்டாரா, அல்லது பதில் வழியில் இருக்கிறதா என்று காத்திருப்பவருக்குத் தெரிய வழியில்லை.

இதைப் படித்தபோது ஜிம் கிரேயின் முடிவு நினைவுக்கு வந்து மனம் கனத்தது. 2007 ஜனவரி 28 அன்று, தாயின் அஸ்தியைக் கடலில் கரைக்க சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தனியாகப் படகில் போனார். திரும்பவில்லை. நண்பர்கள் செயற்கைக்கோள் படங்களை அங்குலம் அங்குலமாகத் துழாவினார்கள். படகும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை. 2012-இல்தான் நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாக அறிவித்தது. பதில் வராத ஒருவருக்காக எவ்வளவு காலம் காத்திருப்பது? எங்கோ ஒரு கெடு வைத்துத்தான் ஆக வேண்டும். அந்தக் கெடு சரியா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கணினிகளும் அப்படி ஒரு கெடுவை வைத்துக்கொண்டுதான் ஓடுகின்றன.

இனி கதையின் முக்கியமான கட்டத்துக்கு வருகிறேன். 1980-களின் இறுதியில் லாம்போர்ட், டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தின் ஆய்வகத்தில் இருந்தார். அங்கே சக ஊழியர்கள் ஒரு கோப்பு அமைப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். எத்தனை கணினிகள் செயலிழந்தாலும் நகல்கள் மாறுபடாது என்று சொல்லிக்கொண்டார்கள். நடக்காத காரியம் என்று நினைத்த லாம்போர்ட், அது முடியாது என்று நிரூபிக்க உட்கார்ந்தார். நிரூபிக்க முயன்றபோது, முடியும் என்பதற்கான வழியே கையில் வந்து விழுந்தது!

அதன் உயிர்நாடி ஒரு சின்னக் கணக்கு. ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரின் பெயரை எழுதுங்கள். அதில் எந்த மூவரை வேண்டுமானாலும் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். பிறகு வேறு எந்த மூவரையாவது சுற்றி இன்னொரு வட்டம். இரண்டு வட்டத்திலும் பொதுவாக ஒருவராவது இருப்பார். எப்படிப் போட்டாலும் தப்ப முடியாது. 3-ம் 3-ம் 6, ஆட்களோ 5 பேர்தான். அவ்வளவே.

அந்தப் பொதுவான ஒருவர்தான் ஊரின் ஞாபகம். ஒரு முடிவுக்கு ஐவரில் மூவர் ஒப்புக்கொண்டால் போதும் என்று வைத்தால், இருவர் விழுந்தாலும் வேலை நடக்கும். நாளைக்கு வேறு மூவர் கூடினாலும், நேற்றைய முடிவை அறிந்த ஒருவராவது அங்கே உட்கார்ந்திருப்பார்.

அதை லாம்போர்ட் இப்படி நடைமுறையாக்கினார். யோசனை சொல்ல வருபவர் ஓர் எண்ணை எடுத்துக்கொண்டு முதலில் பெரும்பான்மையோரிடம் போகிறார். "இதைவிடச் சிறிய எண்ணோடு இனி யார் வந்தாலும் ஏற்காதீர்கள். இதற்கு முன் எதையாவது ஏற்றிருந்தால் சொல்லுங்கள்" என்கிறார். யாராவது ஒருவர் ஏற்றிருந்தால், வந்தவர் தன் யோசனையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அந்தப் பழைய யோசனையையே முன்வைக்க வேண்டும். பலர் வெவ்வேறாகச் சொன்னால், பெரிய எண்ணோடு ஏற்கப்பட்டது எதுவோ அது. யாரும் எதையும் ஏற்கவில்லை என்றால்தான் தன்னுடையதைச் சொல்லலாம். பெரும்பான்மை ஏற்றுவிட்டால் முடிவு உறுதி. பிறகு யார் வந்தாலும் அதை மாற்ற முடியாது. தன் பேச்சை விட்டுக்கொடுத்து ஏற்கெனவே முடிவானதைத் தூக்கிப் பிடிக்கும் இந்த அடக்கத்தில்தான் எல்லாம் நிற்கிறது.

அப்படியானால் 1985-இல் வந்த அந்த "முடியாது"? அது அப்படியே நிற்கிறது. இந்த முறை ஒருபோதும் இரண்டு வெவ்வேறு முடிவுகளைத் தராது. ஆனால் கெட்ட நேரமாக இருந்தால், இருவர் மாறி மாறிப் பெரிய எண்ணோடு வந்து முடிவு இழுத்துக்கொண்டே போகலாம். தவறைவிடத் தாமதம் மேல் என்று தேர்ந்தெடுத்தார்கள்.

சொல்லப்போனால் லாம்போர்ட் தனியாக இல்லை. எம்.ஐ.டி.யில் பார்பரா லிஸ்கோவும் அவருடைய மாணவர் பிரையன் ஓகியும் ஏறக்குறைய இதே விடையை 1988-லேயே வெளியிட்டுவிட்டார்கள். அது அப்போது அவ்வளவாகக் கண்டுகொள்ளப்படவில்லை.

லாம்போர்டின் கட்டுரைக்கு நடந்ததுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அவருக்குக் கதை சொல்லிப் பெயர் வாங்கிய அனுபவம் முன்பே உண்டு. நாசாவின் பண உதவியோடு விமானத்தை ஓட்டும் கணினி பற்றி ஆராய்ந்தபோது, கோளாறான ஒரு கருவி ஒருவரிடம் ஒன்றும் இன்னொருவரிடம் வேறொன்றும் சொன்னால் என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. அதை 1982-இல் அவரும் இரு நண்பர்களும், கோட்டையை முற்றுகையிட்டிருக்கும் தளபதிகளில் துரோகிகள் கலந்திருக்கும் கதையாக எழுதினார்கள். முதலில் அல்பேனியத் தளபதிகள் என்று வைக்க நினைத்தாராம். அல்பேனியர்கள் வெளியுலகிலும் இருக்கிறார்கள், மனம் புண்படும் என்று ஒருவர் எடுத்துச் சொல்ல, இன்று இல்லாத பைசாந்தியப் பேரரசுக்கு மாற்றினார். அந்தக் கதை உலகம் முழுக்கப் பரவியது.

அதே உற்சாகத்தில், 1990-இல் தன் புதிய கண்டுபிடிப்பையும் கதையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்பினார். பேக்ஸோஸ் என்ற கிரேக்கத் தீவு. அங்கே பழங்காலத்தில் ஒரு நாடாளுமன்றம். உறுப்பினர்கள் வியாபாரிகள், அவையில் முழு நேரம் உட்கார மாட்டார்கள், நினைத்தபோது எழுந்து போய்விடுவார்கள். சேதி கொண்டுபோகும் ஆட்களுக்கு ஞாபக மறதி. ஆனாலும் ஒவ்வோர் உறுப்பினரின் ஏட்டிலும் சட்டங்கள் ஒரே மாதிரி இருந்தன, எப்படி? இதுதான் கதை. கணினி அறிஞர்களின் பெயர்களைக் கிரேக்க எழுத்தில் திரித்து உறுப்பினர்களுக்கு வைத்தார். தொல்லியல் ஆராய்ச்சியாளர் மாதிரி தொப்பி அணிந்துபோய் உரையும் நிகழ்த்தினார்.

ஒருவருக்கும் பிடிபடவில்லை. உரையைக் கேட்டவர்களுக்குத் தொப்பி நினைவிருந்தது, வழிமுறை நினைவில்லை. மதிப்பீட்டாளர்கள், ஓரளவு சுவாரசியம்தான், பெரிய முக்கியத்துவம் இல்லை, அந்தத் தீவுக் கதையை எடுத்துவிடுங்கள் என்றார்கள். இவர்களுக்கு நகைச்சுவை உணர்வே இல்லையே என்று லாம்போர்டுக்குக் கோபம். கதையை எடுக்க மறுத்துக் கட்டுரையை அப்படியே போட்டுவிட்டார். பட்லர் லாம்ப்சன் என்ற பெரிய அறிஞர் ஒருவர் அதன் அருமை தெரிந்து ஊர் ஊராகப் போய் விளக்கினார். அதனால்தான் அது உயிரோடு இருந்தது. கடைசியில் 1998-இல் அச்சேறியது. கோப்பு அலமாரிக்குப் பின்னால் அண்மையில் கண்டெடுக்கப்பட்டது என்று ஆய்விதழின் சார்பிலும் கேலியாக ஒரு முன்குறிப்பு சேர்த்தார்கள். அனுப்பியது 1990, அச்சானது 1998. எட்டு வருடம்! பிறகும் பலருக்குப் புரியாததால், 2001-இல் தீவு, நாடாளுமன்றம் எல்லாவற்றையும் உதறிவிட்டு, எளிமையாகச் சொல்கிறேன் என்று தலைப்பிலேயே அறிவித்து மறுபடி எழுதினார்.

ஒரே ஆள், ஒரே உத்தி. தளபதிகள் கதை பாடத்தைத் திறந்துவிட்டது, தீவுக் கதை பாடத்தைப் பூட்டிவிட்டது. ஏன்? எனக்குத் தோன்றுவது இது: தளபதிகள் கதையில் சிக்கலே கதை, அதைத் தவிர வேறொன்றும் இல்லை. தீவுக் கதையில் அலங்காரம் கூடிவிட்டது. பிள்ளைகள் பொம்மையைப் பார்த்தார்கள், பொம்மை காட்டிய கணக்கைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு உலகம் வேகமாகப் பெருத்தது. 2000-இல் பெர்க்லி பேராசிரியர் எரிக் பிரூவர் ஓர் உரையில், நகல்களுக்கு நடுவே தொடர்பு அறுந்துபோனால் இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்றார். எல்லாம் ஒத்திருக்க வேண்டும் என்றால் சிலருக்குப் பதில் சொல்லாமல் நிறுத்த வேண்டும். எல்லாருக்கும் பதில் சொல்ல வேண்டும் என்றால் கொஞ்ச நேரம் ஒத்துப்போகாமல் இருப்பதைச் சகிக்க வேண்டும். 2002-இல் நான்சி லிஞ்சும் சேத் கில்பர்ட்டும் இதற்கு நிரூபணம் எழுதினார்கள்.

கூகுள் முதல் வழியில் போனது. 2006-இல் அவர்கள் விவரித்த 'சபி' என்ற அமைப்பில் தொகுதிக்கு ஐந்து கணினிகள், உள்ளே பேக்ஸோஸ். நீங்கள் தாளில் போட்ட அதே வட்டங்கள்தான். அமேசான், 2007-இல் விவரித்த 'டைனமோ'வில் இரண்டாம் வழியைப் பிடித்தது. கூடையில் பொருள் போட வருபவரை ஒருபோதும் திருப்பி அனுப்பக் கூடாது, நகல்கள் மாறுபட்டால் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். அதற்குக் கொடுத்த விலை: கூடையிலிருந்து நீக்கிய பொருள் எப்போதாவது மறுபடி வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் சுவாமிநாதன் சிவசுப்பிரமணியன் என்ற பெயரைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தோஷம். கூடையில் சோப்பு திரும்பி வந்தால் சிரித்துவிட்டு நீக்கிவிடலாம். வங்கிக் கணக்கில் அப்படிச் சிரிக்க முடியாது. எந்த இடத்துக்கு எந்த வழி என்று தெரிந்திருப்பதே பாதி வேலை என்றான் தங்கை மகன்.

2012-இல் கூகுள், 'ஸ்பேனர்' என்ற அமைப்பை வெளியுலகுக்குச் சொன்னது. தங்கள் மையங்களில் அணுக் கடிகாரங்களையும் ஜி.பி.எஸ். கருவிகளையும் வைத்தார்கள். அங்கே கடிகாரத்தைக் கேட்டால் மணி இவ்வளவு என்று சொல்லாது. இதற்கும் இதற்கும் நடுவில் எங்கோ இருக்கிறது என்று சொல்லும். அந்த இடைவெளி சில மில்லிவினாடிகள்தான். அது கடந்துபோகும்வரை காத்திருந்துவிட்டு, பிறகுதான் பதிவை உறுதி செய்வார்கள். கடிகாரத்தை நம்பாதே என்று 1978-இல் தொடங்கிய கதை, தனக்கு எவ்வளவு தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லும் கடிகாரத்தில் வந்து நின்றது.

இத்தனை நடந்தும் பேக்ஸோஸ் மட்டும் மாணவர்களுக்கு எட்டிக்காயாகவே இருந்தது. ஸ்டான்ஃபோர்டில் டியேகோ ஒங்காரோ என்ற ஆராய்ச்சி மாணவரும் அவருடைய பேராசிரியர் ஜான் ஊஸ்டர்ஹவுட்டும் வேறொரு கேள்வி கேட்டார்கள். இதைவிட வேகமானது எது என்று கேட்கவில்லை. இதைவிட எளிதாகப் புரிவது எது என்று கேட்டார்கள். 2014-இல் வெளியான அவர்களின் முறைக்கு 'ராஃப்ட்' என்று பெயர்.

ராஃப்டைச் சொல்வது சுலபம். வகுப்புத் தலைவர் ஒருவர். எல்லாத் திருத்தமும் அவர் வழியாகத்தான். அவர் வரிசை எண் போட்டு மற்றவர்களுக்குச் சொல்வார், பெரும்பான்மையோர் எழுதிக்கொண்டால் அந்த வரி உறுதி. தலைவரிடமிருந்து கொஞ்ச நேரம் சத்தமே இல்லை என்றால் ஒருவர் எழுந்து, "நான் தலைவராகட்டுமா?" என்று ஓட்டுக் கேட்பார். எல்லாரும் ஒரே சமயத்தில் எழுந்துவிட்டால் குழப்பமாகுமே? அதற்கு ஒவ்வொருவரும் குருட்டாம்போக்கில் வெவ்வேறு நேரம் காத்திருக்க வேண்டும். முதலில் எழுந்தவருக்குப் பெரும்பாலும் ஓட்டு விழுந்துவிடும். கணக்கு பழைய கணக்குத்தான், ஐந்தில் மூன்று. ஆனால் பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துவிட்டார்கள்: தலைவரைத் தேர்ந்தெடுப்பது ஒரு பாடம், வரிகளைப் பரப்புவது ஒரு பாடம், தவறு நேராமல் காப்பது ஒரு பாடம்.

புரிகிறது என்று தாங்களே சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஸ்டான்ஃபோர்டிலும் பெர்க்லியிலும் 43 மாணவர்களுக்கு இரண்டு முறைகளையும் காணொளியில் பாடமாக நடத்தித் தேர்வு வைத்தார்கள். சிலருக்குப் பேக்ஸோஸ் முதலில், சிலருக்கு ராஃப்ட் முதலில், ஒரு பக்கம் சாயாமல் இருப்பதற்காக. 43 பேரில் 33 பேர் ராஃப்டில் கூடுதல் மதிப்பெண் வாங்கினார்கள். 60-க்குச் சராசரி, ராஃப்டில் 25.7, பேக்ஸோஸில் 20.8.

பழக்க தோஷம், உடனே சதவீதம் போட்டுப் பார்த்தேன். ராஃப்ட் 42.8. பேக்ஸோஸ் 34.7. நம் ஊர்க் கணக்கில் தேர்ச்சிக்கு 35. உலகின் தலைசிறந்த இரண்டு பல்கலைக்கழகங்களின் மாணவர்கள், சராசரியாகப் பேக்ஸோஸில் ஃபெயில்! அந்தப் பிள்ளைகளைப் போய் யாராவது மக்கு என்று சொல்ல முடியுமா? நான் சொல்லியிருக்கிறேன். அவர்களை அல்ல. உங்களை.

ஏழாம் வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் சார் மிகை வரும் என்று கேட்டாள். "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்றேன். மறுநாளும் கேட்டாள். வகுப்பே சிரிக்கும்படி ஏதோ சொல்லி உட்கார வைத்தேன். அதற்குப் பிறகு அவள் என் வகுப்பில் கேள்வி கேட்கவே இல்லை. பல வருடம் கழித்து ஒரு பயிற்சி முகாமில், கரும்பலகையில் ஒருவர் வரிசையாக எழுதினார். 3-ஐக் குறை 2-ஆல் பெருக்கினால் குறை 6. 2-ஐப் பெருக்கினால் குறை 4. 1-ஐப் பெருக்கினால் குறை 2. பூச்சியத்துக்குப் பூச்சியம். ஒவ்வொரு படிக்கும் இரண்டு கூடுகிறது. அடுத்த படி, குறை 1. விடை 2 ஆகத்தானே வேண்டும்? ஐந்தே வரி. அந்த ஐந்து வரி அன்று என்னிடம் இல்லை. இல்லாததை ஒப்புக்கொள்ளாமல் குற்றத்தை அவள் தலையில் கட்டினேன்.

லாம்போர்ட் மேதை. 2013-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது பெற்றவர். அவர் சொன்னது முழுக்கச் சரி. இருந்தும் எட்டு வருடம் அது கோப்பில் கிடந்தது. உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, அது கேட்பவரிடம் போய்ச் சேர வேண்டும். சேரவில்லை என்றால் முதலில் அனுப்பியவர்தான் தன் கடிதத்தை எடுத்துப் படித்துப் பார்க்க வேண்டும். முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்திய எனக்கு இது ஓய்வுக்குப் பிறகு, கம்ப்யூட்டர் சரித்திரத்திலிருந்து புரிய வேண்டியிருந்தது.

அந்த மாணவி இந்தக் குழுவில் இருக்கிறாளா என்று தெரியவில்லை. இருந்தால், அம்மா, உன் கேள்வி சரியான கேள்வி. பதிலைத் தாமதமாக எழுதியிருக்கிறேன். உங்களில் இப்போது ஆசிரியர்களாக இருப்பவர்களும் வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர்களும், இரண்டாம் முறை கேட்கும் பிள்ளையை உட்கார வைத்துவிடாதீர்கள்.

தவறு இருந்தால் தயங்காமல் சுட்டிக்காட்டுங்கள். திருத்திவிடுகிறேன், இந்த முறை எல்லா நகலிலும். உங்கள் பின்னூட்டங்களுக்கு நான் பதில் போடத் தாமதமானால் சாருக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துவிடாதீர்கள். எங்கள் தெருவில் நெட் மெதுவாகத்தான் வரும்.

எல்லாரும் நலமாக இருங்கள்.